துண்டு போட்ட இடம்

ஸ்க்ரூ டிரைவர் இன்னும் பைக்குள்ளேதான் இருக்கிறது. அது பைக்குள் இருக்கிற வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. மெக்கானிக் வெறும் கையோடு டிவி முன்னால் நிற்கிறார், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி. கறுப்புக் கண்ணாடியில் அவர் வயிறு தெரிகிறது, அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் நாற்காலியில் அத்தை. மூன்று பேரும் செத்துப்போன டிவிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல. "எப்பம்லேருந்து இப்பிடி இருக்கு?" என்கிறார். திருநெல்வேலிக்காரர், பால்துரை என்று பெயர், பண்ருட்டிக்கு வந்து இருபது வருஷமாகியும் அந்த எப்பம் அவரை விட்டுப் போகவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்த எப்பத்தை வாயில் போட்டு மூன்று உருட்டு உருட்டி, அவர் வண்டியைக் கிளப்பும் முன்னால் தெருமுனையிலிருந்து அவர் குரலிலேயே அவரைக் கூப்பிட்டிருப்பேன். இன்று நாக்கு அப்பளம்போல் காய்ந்து கிடக்கிறது. "வெள்ளிக்கிழமையிலேர்ந்து" என்கிறேன். சொன்னது என் குரலா, அம்மாவின் குரலா? எனக்குப் பயம் வந்தால் யார் குரலாவது வந்துவிடும். அதுதான் என் வியாதி. சிரிப்பு வந்தாலும் வரும், ஆனால் சிரிப்பில் வரும் குரலை நான் பிடித்து நிறுத்திவிடுவேன், பயத்தில் வருவது நிற்காது, விக்கல் மாதிரி. அப்பாவும் அம்மாவும் கீழ் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்விட்டார்கள், காலாண்டு லீவில் அத்தைக்குத் துணையாக நான் மாடியில். துணை. நல்ல துணை. நாலு மாதம் முன்னால் மாமா போன நாளிலிருந்து நான் இங்கேதான் படுக்கிறேன். அப்பாவே போன் போட்டு மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறார், அக்கா பாவம், பொழுதுபோக அது ஒன்றுதானே இருக்கிறது என்று. வேண்டாம் அப்பா என்று எந்தக் குரலில் சொல்வது, என்ன காரணம் சொல்வது.

காரணம் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. டிவிக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இருட்டு, அந்த இருட்டில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு நீல ஸ்பீக்கர், என் பிறந்தநாளுக்கு வந்தது. போனில் நான் பேசினால் அதில் வரும். போன செவ்வாய்க்கிழமை அத்தை குளிக்கப் போனபோது உள்ளே ஒட்டினேன். புதன்கிழமை மத்தியானம், அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது, பால்கனியில் துணி காயப்போடும் சாக்கில் ஈரப் போர்வைக்குப் பின்னால் நின்று, போனை வாயருகே வைத்து, மாமாவை எடுத்தேன். எடுத்தேன் என்றுதான் நான் சொல்வேன், ஒரு ஆளை எடுப்பது. எல்லாரையும் எடுத்திருக்கிறேன். ஹெச்செம்மை எடுத்து மைக்கில் அரைநாள் லீவு விட்டிருக்கிறேன். ஆளை மட்டுமில்லை, பக்கத்து வீட்டு குக்கரை எடுத்து இரண்டு விசில் கூடுதலாக அடித்து, வேகாத பருப்போடு அவர்களை அடுப்பை அணைக்க வைத்திருக்கிறேன். மாமா சுலபம். தணிகாசலம் மாமா டவுன் பஸ் கண்டக்டர், முப்பது வருஷம் நெல்லிக்குப்பம் கடலூர் கடலூர் என்று கத்திக் கத்தித் தேய்ந்துபோன மெலிசுக் குரல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் விசில் ஊதப்போகிற மாதிரி ஒரு காற்று. என் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தது. "கரண்டு பில்லு எகிறுது, நிறுத்திட்டுப் படு" என்று சொன்னேன். அவ்வளவுதான். உயிரோடு இருந்தபோது தினமும் அவர் சொன்னது. போர்வை ஓட்டையில் பார்த்தேன். அத்தை துள்ளவில்லை, அலறவில்லை. கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தாள். அப்புறம் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள், தோள் குலுங்கியது. எழுந்து டிவியை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டாள். நாலு மாதத்தில் அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான், அல்லது அது அழுகையா, தோளை வைத்து எப்படிச் சொல்வது. நானும் போர்வைக்குப் பின்னால் சிரித்தேன். ஈரத் துணி வாயில் ஒட்டியது. சாயங்காலம் எனக்கு ஒரு வடை அதிகமாக வைத்தாள். அங்கேயே நான் நிறுத்திவிட்டேன், சாமி சத்தியமாக, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துபோனது, போனில் அதன் பெயர்கூடக் காட்டவில்லை. எடுத்துவிடலாம் என்று கையை விட்டேன், ஒட்டு விட்டு அது இன்னும் உள்ளே சரிந்து, டிவியைத் தாங்கும் இரும்புத் தகட்டின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. விரல் நுனி படுகிறது, பிடிக்க முடியவில்லை. டிவியைச் சுவரிலிருந்து கழற்றினால்தான் அது வெளியே வரும். டிவியைச் சுவரிலிருந்து கழற்றத்தான் இவர் வந்திருக்கிறார்.

இல்லை, இன்னும் இல்லை, இன்னும் பிளக்கில்தான் இருக்கிறார். டெஸ்டரைச் செருகுகிறார், அதன் வயிற்றில் பொடி விளக்கு எரிகிறது. "கரண்டு வருது. செவப்பு லைட்டு எரியலைல்லா?" "எரியல." "பட்டன் எங்க?" பட்டன் கீழ் விளிம்பில் இருந்தது, எட்டாம் வகுப்பில் ரேடியோ ஸ்டேஷன் விளையாடுகிறேன் என்று நானே குடைந்து உடைத்தேன், அன்றிலிருந்து ரிமோட் மட்டும்தான். அதைச் சொல்கிறேன், பாதியைச் சொல்கிறேன், உடைஞ்சு போச்சு என்கிறேன், யார் என்பது இல்லாமல். அவர் ரிமோட்டை வாங்கித் தன் போன் கேமராவுக்கு முன்னால் பிடித்து அமுக்குகிறார், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போனில் ஊதாப்பூவாகத் துடிக்கிறது. "ரிமோட்டு உசுரோட இருக்கு. இது வாங்கலை." உயிர் என்ற வார்த்தைக்கு அத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். நான் அத்தையைப் பார்க்காமல் ஷெல்ஃபைப் பார்க்கிறேன், அங்கே எவர்சில்வர் டம்ளருக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை, இங்கிருந்தே தெரிகிறது, ஆறு குமிழ் உடையாமல். சனிக்கிழமையும் ஆறு, நேற்றும் ஆறு, இன்றும் ஆறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிரஷருக்கு ஒன்று சுகருக்கு ஒன்று, இரண்டு அட்டை, ஒன்றில் ஆறு ஒன்றில் எட்டு. எட்டும் எட்டாகவே நிற்கிறது. சனிக்கிழமை கேட்டேன், மாத்திரை போட்டியா அத்த என்று. "போறவளுக்கு எதுக்குடி மாத்திரை" என்றாள், காய்கறிக்காரனிடம் கொத்தமல்லி வேண்டாம் என்பதுபோல. எங்கே போற என்றேன். அப்போதுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா வந்தாராம். டிவியிலிருந்தாம். "துண்டு போட்டு வெச்சிருக்கேன், வந்துடு"ன்னு சொன்னாருடி. அதைச் சொல்லும்போது அவள் முகம் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் முகம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திருவதிகைக் கோயிலுக்குப் போக மாமாவின் பஸ்ஸில்தான் ஏறுவாள், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் முன்பக்கம் ஜன்னல் சீட்டில் மாமாவின் பச்சைக்கரைத் துண்டு கிடக்கும், யாராவது உட்கார வந்தால், ஆள் வருது ஆள் வருது என்று அதட்டுவார். எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் வியாழக்கிழமையே செத்துவிட்டது. செத்த ஸ்பீக்கர், செத்த மாமா, வெள்ளிக்கிழமையிலிருந்து செத்த டிவி, இதில் யார் பேசியது?

"சத்தம் காட்டாம இருங்க" என்கிறார் பால்துரை. "இப்பம் ரிமோட்டை அமுக்குதேன். உள்ள ரிலேன்னு ஒண்ணு இருக்கு, டிக்னு அடிக்கும். அடிச்சா ரிமோட்டு சொன்னது உள்ள போயிட்டுன்னு அர்த்தம். அடிக்கலைன்னா வேற." டிவியின் விளிம்பில் காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடுகிறார். எனக்கு இவரைப் பிடித்துப்போகிறது. கேட்டுத்தான் இவர் பிழைக்கிறார், என்னை மாதிரி. காதும் ஸ்பீக்கரும் ஒரு சாண் தூரத்தில், நடுவில் பிளாஸ்டிக் மட்டும். மின்விசிறியை அத்தை நிறுத்துகிறாள். அறை சுருங்குகிறது. வெளியே எங்கேயோ முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை, தொண்டையில் எண்ணெயாகப் படிகிறது, இருமல் வருகிறது, இருமக்கூடாது, இருமினால் அப்பாவின் இருமலாக வரும், எனக்கு இந்த நிசப்தம் ஆகாது, நிசப்தத்தைப் பார்த்தால் பள்ளத்தைப் பார்த்ததுபோல் கால் கூசும், உள்ளே எதையாவது போடவேண்டும் போலிருக்கும், ஒரு கல்லையாவது. அவர் கட்டை விரல் ரிமோட்டின் மேல் இறங்குகிறது. டிவி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், தினமும் கேட்ட சத்தம், நாக்கின் நடுவை அண்ணத்தில் ஒட்டிப் பிரித்தால் அச்சு அசலாக வரும். விரல் அமுங்குகிறது. டிக். கடவுளே. அது நான். நான் செய்யவில்லை, என் வாய் செய்தது, உதடுகூட அசையவில்லை. பால்துரையின் முகம் விளக்கு போட்டதுபோல் மலர்கிறது. "கேக்கா? அடிக்கு பாருங்க. அப்பம் ரிமோட்டு சொன்னது உள்ள போகுது, போர்டு நல்லாருக்கு. படத்துக்கு வெளிச்சம் குடுக்குத லைட்டுப் பட்டிதான் போயிருக்கணும். கழத்தியே ஆவணும்."

கழத்தியே ஆவணும். நான்தான் கழற்ற வைத்தேன். டிக் என்று சொல்லியிருக்காவிட்டால் அவர் வேறு எதையாவது தேடிக்கொண்டு இருந்திருப்பார், வெளியில் எங்கேயாவது. அவர் டார்ச்சைத் திரையில் ஒட்டிப் பிடித்து, உள்ளே மங்கலாகப் படம் ஓடுகிறதா என்று பார்க்கிறார், கறுப்புக்குள் வட்டமாக ஒரு வெளிச்சம் நகர்கிறது, கிணற்றில் எதையோ தேடுவதுபோல, எனக்கு அங்கே ஒரு முகம் தெரிந்துவிடும் என்று இருக்கிறது, பச்சைக்கரைத் துண்டோடு. என் முகம்தான் தெரிகிறது. சொல்லிவிடலாம், அண்ணே அந்த டிக் நான்தான் என்று. ஏன் என்பார். அத்தை கேட்பாள், நீ வேற என்னென்ன சத்தம் போடுவே என்று. அவளுக்குத் தெரியாததா, நான் வீட்டில் எல்லாரையும் எடுப்பது. மாமாவை அவர் போனபிறகு எடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமை மாமாதான் பேசினார் என்று நம்பினாள், அந்த நம்பிக்கையில்தான் வெள்ளிக்கிழமை அவளாக ஒரு குரலைக் கேட்டாள், நான் கதவைத் திறந்தேன், வேறு எதுவோ உள்ளே வந்தது. அல்லது. இந்த அல்லது என்னை இரண்டு ராத்திரியாகத் தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் இதே ஹாலில்தான் இருந்தேன். தரையில் பாயில். தூங்கிக்கொண்டு. அம்மா சொல்வாள், நீ தூக்கத்தில் பேசுவே, ஒருநாள் உங்க ஹெச்செம் பேசினாங்க ஒருநாள் பால்காரர் பேசினார் என்று. அன்றைக்கு நான் எந்தக் கனவில் இருந்தேன்? பஸ் வந்ததா அதில்? ஞாபகப்படுத்தப் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்கப் பஸ் வருகிறது, வராத பஸ்ஸை நானே வரவழைக்கிறேன், ஜன்னல் சீட்டில் துண்டு கிடக்கிறது, என் வாய் திறக்கிறது. போதும். தெரியாது. எனக்குத் தெரியாது. அத்தை மாத்திரை போடவில்லை என்பது மட்டும் தெரியும். காலையில் அவள் கணுக்கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன், கொலுசு போட்டிருந்தால் இறுகியிருக்கும். அப்பாவிடம் சொன்னால் ஏன் போடவில்லை என்று கேட்பார், ஏன் என்று போனால் டிவி, டிவிக்குப் பின்னால் நான்.

பை திறக்கும் சத்தம். ஸ்க்ரூ டிரைவர் வந்துவிட்டது. மஞ்சள் பிடி, நீளமானது. "கீழ ரெண்டு திருகு, மேல ரெண்டு கொக்கி. பாப்பா, ஒரு கை பிடிக்கணும்." அவர் குனிந்து கீழ் விளிம்பைத் துடைக்கிறார், நடுவில் மட்டும் தொடாமல் துணியை விலக்கிக்கொண்டு போகிறார். "பூசைக்கு வச்சதா, இருக்கட்டும்." அங்கே சந்தனம், எட்டணாக் காசு அகலத்துக்கு, அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜை வந்தால் இந்த ஊரில் சைக்கிளிலிருந்து கிரைண்டர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு இருக்கும், யாரும் அதைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் கை வைப்பதில்லை. ஆனால் இது பூஜைக்கு வைத்ததில்லை. பூஜைக்கு டிவிக்கு நான்தான் வைத்தேன், மேல் மூலையில், அது காய்ந்து உதிர்ந்துவிட்டது. இது வெள்ளிக்கிழமை. அத்தை வைத்தது. அலமாரியிலிருந்து தன் குங்குமச் சிமிழை எடுத்தாள், நாலு மாதமாகத் திறக்காத சிமிழ், தன் நெற்றியில் வைக்காத கை டிவிக்கு வைத்தது. ஏன் அங்கே என்று கேட்டேன். "அந்தச் செவப்புக் கண்ணு ராவெல்லாம் முழிச்சிட்டு என்னையே பாக்குதுடி, அவரு மாதிரி" என்றாள். செவப்புக் கண்ணு. விளக்கு அங்கேதான். ரிமோட் சொல்வதை வாங்குகிற கறுப்புக் கண்ணாடியும் அதே இடத்தில்தான். இப்போதுதான் எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கிறது. டிவிக்கு ஒன்றுமே இல்லை. கண்ணை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். பொட்டைத் துடைத்தால் எரியும், கழற்ற வேண்டாம், ஸ்பீக்கர் அங்கேயே கிடக்கும், நான் பிழைத்தேன். "அண்ணே, அந்தப் பொட்டு லைட்டு மேல இருக்குண்ணே. ரிமோட்டு வாங்கற இடமும் அதுதான்." அவர் பார்க்கிறார், குனிகிறார், தலையைச் சொறிகிறார். "அட, ஆமா. ஆனா உள்ள போகலைன்னா ரிலே அடிச்சிருக்காதே." "அது நான்." "எது நீ?" நாக்கை ஒட்டிப் பிரிக்கிறேன். டிக். அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் முதலில் கோபம், பிறகு மரியாதை, தொழில்காரர் தொழில்காரரைப் பார்க்கிற மாதிரி. "நல்லா இருக்கு பிள்ளை வளத்தது. யக்கா, பொட்டைத் தொடச்சிருவமா?" அத்தை எழுந்து வந்துவிட்டாள். டிவிக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிறாள். "தொடைக்கக் கூடாது. வேணும்னா பின்னாடி கழட்டி உள்ள பாருங்க." "உள்ள ஒண்ணுமில்லக்கா, இதான்..." "பொட்டு மேல கை வெக்காதீங்க தம்பி." அந்தக் குரலை நான் எடுத்ததில்லை. அத்தையிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. பால்துரை என்னைப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். "சாமி விசயம், நான் கை வைக்க மாட்டேன். கழத்திக் காட்டுதேன். பார்த்தாத்தானே திருப்தி. பாப்பா, பிடி."

பிடிக்கிறேன். பிடிக்காமல் என்ன செய்வது. இடது பக்கம் நான், வலது பக்கம் அவர், திருகு இரண்டும் அவர் வாயில். "மேல தூக்கி, முன்னால எடுக்கணும், ஒண்ணு, ரெண்டு." கொக்கி விடுகிறது. நாற்பத்து மூன்று இஞ்ச் என்பது பார்க்கும்போது ஒரு கனம், தூக்கும்போது வேறு கனம். டிவி சுவரை விட்டு ஒரு சாண் வருகிறது, உள்ளே எதுவோ நகர்கிறது, தகட்டில் கர்ரென்று உரசிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும் சத்தம், இல்லை, அவருக்கும் கேட்டிருக்கிறது, புருவம் தூக்குகிறார். இன்னும் ஒரு சாண் வந்தால் விழும். தரையில் விழுந்து உருளும், அத்தையின் காலடிக்கு, நீலமாக, என் பெயர் எழுதிய ஸ்டிக்கரோடு. மாமாவை எடு. இப்போது எடு. டிவிக்குப் பின்னால் முகம் இருக்கிறது, யாருக்கும் வாய் தெரியாது, மாமா குரலில் சொல், பொட்டைத் துடைச்சிடு, மாத்திரையைப் போடு, நான் துண்டை எடுத்துட்டேன் என்று சொல். கேட்பாள். மாமா சொன்னால் கேட்பாள். குரல் ஏற்கெனவே ஏறி வந்துவிட்டது, தொண்டையின் வாசலில் நிற்கிறது, அந்த மெலிசு, அந்தக் காற்று, இன்றைக்குச் சொல்லிவிட்டால் நாளைக்கும் சொல்லவேண்டும், நாளன்றைக்கும், மாத்திரை போடும் ஒவ்வொரு மத்தியானமும், எனக்குக் கல்யாணமாகிப் போகிறவரைக்கும் இந்த வீட்டில் மாமா டிவிக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும், ஒருநாள் நான் தூங்கும்போது என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும். "அத்த" என்கிறேன். வறண்ட, கீச்சென்ற, யாருடையதும் இல்லாத ஒரு குரல் வருகிறது. அதுதான் என்னுடையது போலிருக்கிறது. "அன்னைக்குப் பேசினது நான். டிவிக்குப் பின்னால ஸ்பீக்கர் வெச்சிருந்தேன்." பால்துரை திருகைக் கடித்தபடி அசையாமல் நின்றார். கீழே வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

"என்னைக்கு?" என்றாள் அத்தை. "புதன்கிழமை." "அது தெரியும்." என் பக்கம் டிவி ஒரு விரல் இறங்கியது, பால்துரை தன் பக்கத்திலிருந்து முட்டுக்கொடுத்தார். "கரண்டு பில்லுன்னு கத்தறதுக்கு முன்னாடி, பூவுன்னு ஒரு தடவை கூப்பிட்டுட்டுத்தான் கத்துவாரு. வெளிய யாருக்கும் கேக்காது. நீ கூப்பிடல. சனியன், அவரை மாதிரியே பேசறாளேன்னு எனக்குச் சிரிப்பு." பூங்கோதை என்பது அத்தையின் பெயர், பூவு என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் டிவியைச் சுற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக நின்றாள். வாயில் வெற்றிலை வாசனை. "நான் கேக்கறது வெள்ளிக்கிழமை." இங்கேதான் என் வாழ்க்கையே தலைகீழானது என்று நினைக்கிறேன். செய்ததையெல்லாம் இல்லை என்றவள் நான். ஹெச்செம் அறையில் அரை மணி நேரம் முட்டிபோட்டுக்கொண்டு நானில்லை மிஸ் நானில்லை மிஸ் என்றவள், குக்கர் தானாகவே விசிலடித்தது என்றவள். இப்போது உண்மையாகவே நானில்லை. அல்லது தெரியவில்லை. நானில்லை என்று சொன்னால் மாமா இருக்கிறார், துண்டு இருக்கிறது, ஆறு ஆறாகவே எட்டு எட்டாகவே இருக்கும். "அதுவும் நான்தான்." "நீ தூங்கிட்டிருந்தே." "நடிச்சேன்." "நடிச்சியா." "ஆமா." கண்ணை எடுக்காமல் சொன்னேன். அவள் கண்ணில் ஏதோ ஒன்று வாசலைச் சாத்திக்கொண்டு போவதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன், கை இரண்டும் டிவியில், முகத்தை மூடக்கூட முடியவில்லை. "அப்படின்னா சொல்லிக்காட்டு" என்றாள். "வெள்ளிக்கிழமை சொன்ன மாதிரியே."

சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை இருந்ததா இல்லையா? புதன்கிழமை பொய் என்று அவள் கண்டுபிடித்தது பூவு இல்லாததால். வெள்ளிக்கிழமை நிஜம் என்று அவள் நம்பியது எதனால்? இருந்ததனால். இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் என் தூக்கத்துக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும், எனக்கே தெரியாத பெயர். அதை யோசிக்காதே. அதை யோசித்தால் நீ இந்த டிவியைப் போட்டுவிட்டு ஓடுவாய். பால்துரை மூச்சு விடும் சத்தம் மூக்கு வழியாக விசில்போல வருகிறது, நல்லது, அந்த விசிலைப் பிடித்துக்கொள். கண்ணை மூடினேன். பஸ்ஸைக் கொண்டுவந்தேன். டீசல் வாசனை, சில்லறைப் பை, பிதுங்குகிற கூட்டம், அதில் முன்பக்கம் ஒரு ஜன்னல் சீட் காலியாக, கடலூர்க்காரர்கள் எல்லாரும் நின்றுகொண்டு வர அந்த ஒரு சீட் மட்டும் காலியாக. அவளை எப்படிக் கூப்பிடுவார், வெளியில் யாருக்கும் கேட்காதபடி? "பூவு," என்றேன். "துண்டு போட்டு வெச்சிருக்கேன், வந்துடு." அதைவிட நன்றாக நான் யாரையும் எடுத்ததில்லை, இனி எடுக்கப்போவதுமில்லை. கடைசிக் காற்றுகூட வந்தது. என் கழுத்து மயிர் நின்றது, என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே. கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது. அத்தை கண்ணை மூடியிருந்தாள். கை நெஞ்சின் நடுவில், சங்கிலி இல்லாத இடத்தில். பிறகு திறந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே அவரை எடுக்காதே" என்றாள். அவ்வளவு மெதுவாக.

முந்தானை நுனியை எச்சிலில் நனைத்தாள். டிவி எங்கள் கையில் தொங்க, அவள் குனிந்து பொட்டைத் துடைத்தாள். குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல் சுற்றிச் சுற்றி, சந்தனம் பொருக்காக உதிர்ந்தது, குங்குமம் முந்தானையில் இறங்கியது. அடியில் செவப்புக் கண்ணு எரிந்துகொண்டிருந்தது, நாலு நாளும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அத்தை என்னையும் பார்க்கவில்லை, பால்துரையையும் பார்க்கவில்லை, ஷெல்ஃபைத் தாண்டி உள்ளே போனாள். "கொக்கில மாட்டுவோம்," என்று கிசுகிசுத்தார் பால்துரை. மாட்டும்போது ஸ்பீக்கர் தானாகவே சரிந்து வந்து, அவர் அதை முழங்காலால் தடுத்து, கொக்கி மாட்டியதும் எடுத்து என் கையில் வைத்தார். திருகை முடுக்கினார். ரிமோட்டை எடுத்தார். "போடட்டா?" "பொறுங்கண்ணே," என்றேன். "சத்தம் காட்டாம இருங்க." அவர் கட்டை விரலைத் தூக்கியபடியே நின்றார். ஷெல்ஃபைப் பார்த்தேன், டம்ளர் இருக்கிறது, அட்டைகள் இல்லை, எப்போது எடுத்தாள், போகிற போக்கில் எடுத்திருக்கிறாள், எங்கே, குப்பைக் கூடைக்கா? குழாயில் தண்ணீர் விழுந்தது. நின்றது. முந்திரிப் புகை. பள்ளம்போல அந்த நிசப்தம், கால் கூசியது. டப். மாத்திரை அட்டையின் காகிதம் உடையும் சத்தம். ஒன்று. ஒன்றா, இல்லை அதுவும் என் வாயா? நாக்கை வெளியே இழுத்துப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தேன், அசையவே முடியாதபடி, உப்புக் கரித்தது. இன்னொன்று இருக்கிறது, சுகருக்கு. பால்துரை என்னையே பார்க்கிறார். செவப்புக் கண்ணு எங்கள் இருவரையும் பார்க்கிறது. உள்ளே அத்தை நிற்கிறாள், உட்காரவில்லை, நிற்கிறாள், வளையல் சுவரில் உரசுகிறது.

டப்.

நாக்கு பற்களுக்கு நடுவில்தான் இருந்தது.